தோசைக்கல் இருக்கும் வீட்டில் ஜப்பானிய ஸ்டேக்ஹவுஸ் சாஸ்: முழுமையான வழிகாட்டி

பெயரில்தான் ஜப்பான். இளஞ்சிவப்பாக, இனிப்பும் புளிப்புமாக, சின்னக் கிண்ணத்தில் இறாலுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் இந்த சாஸ் வளர்ந்த இடம் அமெரிக்கா. 1945-ல் கோபே நகரத்தின் மிசோனோ உணவகம் இரும்புத் தகட்டில் இறைச்சியைச் சுட்டுப் பரிமாறத் தொடங்கியது. தெப்பன்யாக்கி என்ற முறையின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். தெப்பான் என்றால் இரும்புத் தகடு, யாக்கி என்றால் சுட்டது. 1964-ல் ராக்கி அயோக்கி நியூயார்க்கில் பெனிஹானா என்ற உணவகத்தைத் திறந்த பிறகு இந்த முறை அமெரிக்கா முழுக்கப் பரவியது. அங்கே இதை ஹிபாச்சி என்கிறார்கள். ஜப்பானில் ஹிபாச்சி என்பது கரி போட்டுக் குளிர்காயும் கணப்பு, நம் குமுட்டி அடுப்புக்குத் தூரத்து உறவு.

ஸ்டேக்ஹவுஸ் எனப்படும் அந்த ஊர் இறைச்சி உணவகங்களில் மேசைக்கு வழக்கமாக இரண்டு சாஸ் வரும். ஒன்று மயோனைஸில் செய்த இளஞ்சிவப்பு சாஸ். வெள்ளை சாஸ், யம் யம் சாஸ், ஷ்ரிம்ப் சாஸ், சகுரா சாஸ் என்று ஊருக்கொரு பெயர். இன்னொன்று சோயாவும் இஞ்சியும் சேர்ந்த நீர்த்த சாஸ். இரண்டையும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் பொருள்களை வைத்தே செய்துவிடலாம். முதல் சாஸில் நுணுக்கம் அதிகம் என்பதால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதற்கே.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செட்டிநாட்டுக் கை சும்மா இருக்காது. கொஞ்சம் கல்பாசி, ஒரு அன்னாசிப்பூ, இரண்டு மிளகு தட்டிப் போட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள். கல்லில் வேகும் இறாலிலும் கோழியிலும் மசாலா எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். சாஸின் வேலை அந்தக் காரத்தை அணைப்பது. அதிலும் மசாலா ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும், நாக்குக்கு ஒதுங்க இடமிருக்காது.

மயோனைஸ்

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. சால்மோனெல்லா, ஈ கோலை, லிஸ்டீரியா போன்ற கிருமிகள்தான் காரணம். அந்தத் தடை வியாபாரத்துக்கானது. ஆனாலும் கிருமிக்குக் கடை எது, வீடு எது என்று தெரியாது. சித்திரை வெயிலில் அடுப்படியே 36, 37 டிகிரியில் கிடக்கும் ஊரில் பச்சை மஞ்சள்கரு சாஸை வீட்டில் செய்வது வேண்டாத வேலை. பால் மயோனைஸ் போதும். இந்த சாஸில் அதன் சுவை குறை சொல்லும்படி இருக்காது.

பால் மயோனைஸுக்கு வேண்டியவை: காய்ச்சி ஆறவைத்து ஃபிரிட்ஜில் குளிர்வித்த கொழுப்பு நீக்காத பால் 100 மில்லி, ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் 200 மில்லி, வினிகர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன். மஞ்சள் கடுகுப் பொடி இருந்தால் கால் டீஸ்பூன் சேர்க்கலாம், எண்ணெயும் பாலும் பிரியாமல் பிடித்துக்கொள்ள உதவும். நம் வீட்டுச் சின்னக் கறுப்புக் கடுகை அரைத்துப் போட்டால் கசக்கும். மஞ்சள் கடுகு கிடைக்காவிட்டால் கடுகு இல்லாமலே செய்துகொள்ளலாம்.

பாலின் ஆடையை வடிகட்டி எடுத்துவிடுங்கள். ஆடைத் துணுக்கு உள்ளே போனால் கடைசிவரை கட்டியாகவே நிற்கும், எவ்வளவு அடித்தாலும் கரையாது.

மிக்ஸியில் சட்னி ஜாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஜாரில் 100 மில்லி பால் பிளேடுக்குக் கீழேயே தங்கிவிடும், பிளேடு காற்றைத்தான் வெட்டும். சின்ன ஜாரில் பால் பிளேடை மூடி நிற்கும். பால், உப்பு, சர்க்கரை, கடுகுப் பொடி போட்டு 5 விநாடி ஓட்டுங்கள். பிறகு 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி 10 விநாடி. மறுபடி 2 டேபிள்ஸ்பூன், 10 விநாடி. நான்கைந்து தடவை இப்படிச் செய்ததும் கலவை வெளுத்து, மோர்க்குழம்புப் பதத்துக்கு வரும். அதன் பிறகு எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றலாம். ஒவ்வொரு தடவையும் மிக்ஸியை நிறுத்தி ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடு தெரிந்தால் ஜாரை அப்படியே 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் மயோனைஸ் திரிவதற்குப் பெரும்பாலும் மிக்ஸியின் சூடே காரணம். அளவைத் திட்டிப் பயனில்லை.

எண்ணெய் கூடக் கூட இளகும் என்று நினைப்போம். இங்கே நேர்மாறு. பாலுக்குள் எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடைந்து, இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்து நிற்பதால்தான் கெட்டிப்படுகிறது. எண்ணெயைக் குறைத்தால் ‘கொழுப்பு குறைந்த மயோனைஸ்’ கிடைக்கும் என்று நம்பி 100 மில்லியோடு நிறுத்தினால் பால்தான் மிஞ்சும்.

வினிகரைக் கடைசியில் ஊற்றி 5 விநாடி ஓட்டுங்கள். பாலின் புரதம் புளிப்புபட்டு இறுகும், கண்ணெதிரே கெட்டியாகும். முதலிலேயே வினிகரை விட்டால் பால் திரிந்து, எண்ணெயைப் பிடிக்கச் சக்தி இல்லாமல் போகும்.

இந்த அளவுக்குச் சுமார் 300 கிராம் மயோனைஸ் வரும். சாஸுக்கு 230 கிராம்தான் வேண்டும். மீதி 70 கிராமை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாஸ் திரிந்தால் அதுதான் மருந்து.

எண்ணெய் விஷயத்தில் பிடிவாதம் வேண்டும். செக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் சமையலுக்கு எவ்வளவு நல்லதோ இதற்கு அவ்வளவு ஆகாது, வாசனை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஜப்பானியச் சமையலில் எள்ளெண்ணெய் ஊற்றுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் மணத்துக்காக ஊற்றுவது வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைக் கருப்பட்டியோடு சேர்த்து ஆட்டியது. இரண்டுக்கும் நிறமும் வேறு, மணமும் வேறு. அந்த மணம் வேண்டுமென்றால் ஒரு டீஸ்பூன் வெள்ளை எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடித்து, பின்னால் வரும் இஞ்சி சாஸில் சேருங்கள்.

முட்டை இல்லாமல் சுவைக்காது என்பவர்கள் மஞ்சள்கருவை வேகவைத்துத்தான் செய்ய வேண்டும். 2 மஞ்சள்கரு, 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர், 1 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. மூன்றையும் மிகக் குறைந்த தீயில் கைவிடாமல் கிளறி 71 டிகிரிக்குக் கொண்டுவந்து, உடனே பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்குங்கள். நன்றாக ஆறியதும் 200 மில்லி எண்ணெயை மேலே சொன்னபடி சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். இதற்குச் சமையல் தெர்மாமீட்டர் கட்டாயம். கண்ணால் பார்த்து 71 டிகிரியைச் சொல்ல யாராலும் முடியாது. கொஞ்சம் தாண்டினால் முட்டைப் பொரியல் ஆகிவிடும்.

கடையில் வாங்கிய முட்டையில்லா மயோனைஸும் சரிதான். பெரும்பாலானவற்றில் இனிப்பும் புளிப்பும் ஏற்கெனவே தூக்கலாக இருக்கும். அதனால் கீழே சொல்லும் சர்க்கரையையும் வினிகரையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். கெட்டிப்படுத்தும் பொருள் சேர்த்திருந்தால் அது தண்ணீரை நிறைய இழுக்கும். 30 மில்லிக்குப் பதில் 50, 60 மில்லிகூடத் தேவைப்படலாம். பூண்டு, தந்தூரி என்று வாசனை சேர்த்த ரகங்கள் வேண்டாம்.

சாஸின் அளவு

ஆறேழு பேருக்கு, ஆளுக்கு 2 டேபிள்ஸ்பூனுக்கு மேல் வரும்:

மயோனைஸ் 230 கிராம் (தலைதட்டி ஒரு கப்)
உப்பில்லாத வெண்ணெய் 15 கிராம்
காஷ்மீரி மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன்
தக்காளி பேஸ்ட் 1 டீஸ்பூன், அல்லது கெட்சப் 1 டேபிள்ஸ்பூன்
சர்க்கரை 2 டீஸ்பூன் (கெட்சப் போட்டால் 1)
ரைஸ் வினிகர் 2 டீஸ்பூன்
பூண்டுப் பொடி அரை டீஸ்பூன்
வெங்காயப் பொடி கால் டீஸ்பூன்
காய்ச்சி ஆறிய தண்ணீர் 30 மில்லி, தேவைப்பட்டால் இன்னும் 15
உப்பு, கடைசியில் ருசி பார்த்து

மிளகாய்த்தூள்: அமெரிக்க அளவுகளில் பாப்ரிக்கா என்று இருக்கும். நிறத்துக்காகவும் லேசான இனிப்புக்காகவும் போடுவது, காரம் கிட்டத்தட்ட இருக்காது. நம் பக்கத்துக் கைவசச் சரக்கோ ராமநாதபுரம் குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதன் உறைப்பு இந்த சாஸைக் கால் டீஸ்பூனிலேயே காரச் சட்னி ஆக்கிவிடும். காஷ்மீரி மிளகாய்த்தூள்தான் சரியான மாற்று. வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூளில் மல்லி, சீரகம் எல்லாம் கலந்திருக்கும், அது கூடவே கூடாது.

வெண்ணெய்: கடையில் மஞ்சளாகக் கட்டியாக வருவது பெரும்பாலும் உப்பு சேர்த்தது. அதைப் போட்டால் மேற்கொண்டு உப்பு தேவைப்படாமலே போகலாம். மோர் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெயில் நீரும் புளிப்பும் இருக்கும். புதிதாக எடுத்ததென்றால் போடலாம், வினிகரை அரை டீஸ்பூன் குறையுங்கள். நெய் வேண்டாம். அதன் மணம் எதற்கும் அடங்காது, ஃபிரிட்ஜில் மணல் மணலாகவும் உறையும்.

வினிகர்: ரைஸ் வினிகர் கிடைக்கவில்லை என்றால் சாதாரண வெள்ளை வினிகர் ஒன்றரை டீஸ்பூன், தண்ணீர் அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு சிட்டிகை. எலுமிச்சை ஊற்றினால் எலுமிச்சைதான் தெரியும். புளிக்கரைசல் நிறத்தைக் கெடுத்துவிடும்.

பூண்டு: இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பூண்டுப் பொடி இல்லை என்று பச்சைப் பூண்டை நசுக்கிப் போடுவார்கள். செய்த நேரத்தில் நன்றாகத்தான் இருக்கும். இரவு ஊறியதும் பச்சை நெடி ஏறி, மறுநாள் வேறு எந்தச் சுவையும் தெரியாது. பொடி இல்லாவிட்டால் நான்கு பல் பூண்டைத் தோலோடு தோசைக்கல்லில் சிறுதீயில் 12 முதல் 15 நிமிடம் புரட்டிப் புரட்டிச் சுடுங்கள். தோல் கருகினாலும் உள்ளே வெண்ணெய் மாதிரி மசிய வேண்டும். நெடி போய் இனிப்பு வந்திருக்கும். பிதுக்கி எடுத்து, நாரில்லாமல் மசித்துச் சேருங்கள். ருசி என்று பார்த்தால் பொடியைவிட இதுவே மேல். ஆனால் சாஸை 3 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். வெங்காயப் பொடி இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பச்சைச் சின்ன வெங்காயத்தை அரைத்துப் போடும் யோசனைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள், சாஸ் நீர்த்துக் கசக்கும்.

கலக்கும் முறை

மயோனைஸை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு 10 நிமிடம் போதும், மார்கழியில் 20. இந்தக் காத்திருப்புக்குக் காரணம் வெண்ணெய். பால்கொழுப்பு நல்ல வெதுவெதுப்பில்தான் முழுக்க உருகி நிற்கும். 4 டிகிரியில் இருக்கும் மயோனைஸில் உருக்கிய வெண்ணெயை ஊற்றினால் பட்ட இடத்திலேயே உறைந்து குறுணை குறுணையாகத் தொங்கும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மயோனைஸ் திரியும். மயோனைஸ் சில்லென்று இருக்கக் கூடாது, வெண்ணெய் விரலை வைத்தால் இதமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒத்துவந்தால் மீதி எல்லாம் சுலபம்.

வெண்ணெயைத் தாளிப்புக் கரண்டியில் சிறுதீயில் உருக்குங்கள், சிவக்க விடாதீர்கள். நுரை அடங்கியதும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் கழித்து மிளகாய்த்தூளைப் போட்டுக் கலக்குங்கள். மிளகாயின் நிறம் தண்ணீரில் இறங்காது, கொழுப்பில்தான் இறங்கும். வெண்ணெய் செம்பருத்தி நிறத்துக்கு மாறும், மிளகாய்த்தூளின் பச்சை வாடையும் போய்விடும். அடுப்பு எரியும்போதே போட்டால் 5 விநாடியில் கருகிக் கசந்துவிடும். நேரடியாக மயோனைஸில் தூவினால் சாஸில் சிவப்புப் புள்ளிகள் நிற்கும், தொண்டையில் தூள் கரகரக்கும். உருக்கிய கரண்டியை அப்படியே ஆறவிடுங்கள்.

வேறொரு சின்னக் கிண்ணத்தில் வினிகர், சர்க்கரை, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, 30 மில்லி தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து, சர்க்கரை கரையும்வரை கலக்கி 5 நிமிடம் வையுங்கள். உலர்ந்த பொடிகள் இங்கேயே ஊறிவிட்டால் சாஸில் கட்டி தட்டாது. மயோனைஸில் தண்ணீர் குறைவு, சர்க்கரை அதில் சீக்கிரம் கரையாது. அப்படியே போட்டுவிட்டு, இனிப்பு பத்தவில்லை என்று மறுபடி போட்டு, மறுநாள் பாயசம் மாதிரி தித்திப்பது இதனால்தான்.

இனிக் கலப்பது. அகலக் கிண்ணத்தில் மயோனைஸைப் போட்டு விஸ்க் என்ற கம்பி மத்தால் ஒரு சுற்றுச் சுற்றி இளக்குங்கள். தக்காளி பேஸ்டைச் சேர்த்துச் சிவப்புக் கோடு மறையும்வரை கலக்குங்கள். அடுத்து வெண்ணெயை மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஒவ்வொரு தவணையும் முழுக்க உள்ளே போன பிறகே அடுத்தது. கடைசியில் கிண்ணத்துக் கரைசலை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். எல்லாம் கையால் செய்கிற வேலை, இங்கே மிக்ஸி வேண்டாம்.

பதம் எப்படி இருக்க வேண்டும்? கரண்டியைத் தூக்கினால் தோசை மாவு போல நாடாவாக விழ வேண்டும், விழுந்த தடம் இரண்டு விநாடி நின்று மறைய வேண்டும். தடம் அப்படியே நின்றால் தண்ணீர் ஒரு டீஸ்பூன். ஃபிரிட்ஜில் வெண்ணெய் உறைந்து இன்னும் ஒரு படி கெட்டியாகும் என்பதால் இப்போது கொஞ்சம் இளகலாக இருப்பதே நல்லது. நிறம், கொய்யாவை அறுத்தால் தோலுக்கு அடியில் தெரியும் மங்கலான இளஞ்சிவப்பு. ஆரஞ்சாகத் தெரிந்தால் தக்காளியோ மிளகாய்த்தூளோ கூடிவிட்டது.

உப்பை இப்போது பார்த்து, வேண்டியதில் பாதியைப் போடுங்கள். மீதி மறுநாள்.

ஊறல்

சாஸைப் பீங்கான் ஜாடியிலோ கண்ணாடிப் புட்டியிலோ ஊற்றி, மூடி, குறைந்தது 8 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால் சரி. செய்த கையோடு ருசித்தால் மயோனைஸ் தனியாக, பூண்டு தனியாக, புளிப்பு தனியாக நாக்கில் தட்டுப்படும். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். அந்த நேரத்தில் எதையும் கூட்டாதீர்கள். இரவில் பொடிகள் நீரை உறிஞ்சி ஊறும், வினிகரின் கூர்மை மழுங்கும், எல்லாம் ஒன்றாகச் சேரும். ஆவக்காயை ஊறுமுன் ருசித்துவிட்டு உப்பு பத்தவில்லை என்று யாரும் சொல்வதில்லையே. அந்தப் பொறுமையை இதற்கும் காட்ட வேண்டும்.

பரிமாறுவதற்கு 10 நிமிடம் முன்பு எடுத்து, கரண்டியால் கலக்கி, இப்போது உப்பும் சர்க்கரையும் பாருங்கள்.

எங்கே கெடுகிறது

திரிந்துபோய் எண்ணெய் மேலே மிதந்தால்: சுத்தமான கிண்ணத்தில் எடுத்து வைத்த மயோனைஸ் ஒரு டேபிள்ஸ்பூன் போட்டு, திரிந்த சாஸைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடியுங்கள். முதல் நாலைந்து கரண்டிவரை அவசரம் கூடாது, பிறகு தாராளமாக ஊற்றலாம். திரிந்ததிலேயே நின்று அடித்துக்கொண்டிருந்தால் கைதான் வலிக்கும். மயோனைஸ் மிச்சமில்லை என்றால் குளிர்ந்த பால் ஒரு டேபிள்ஸ்பூனில் தொடங்கி மிக்ஸியில் முயலலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு.

குறுணையாக இருந்தால்: வெண்ணெய் உறைந்திருக்கிறது. வெளியே 20 நிமிடம் வைத்து அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்காதீர்கள்.

ரொம்பத் தித்தித்தால் வினிகர் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ரொம்பப் புளித்தால் சர்க்கரையைவிட இரண்டு கரண்டி மயோனைஸ் நல்ல மருந்து. தண்ணீராகிவிட்டாலும் மயோனைஸ்தான். சோளமாவு கரைத்துக் காய்ச்சிச் சேர்ப்பது, அரிசிமாவு தூவுவது போன்ற வைத்தியங்கள் கஞ்சி வாடையைக் கொண்டுவரும்.

இஞ்சி சாஸ்

இதற்கு ஊறலும் தேவையில்லை, பயமும் தேவையில்லை. பெரிய வெங்காயம் 70 கிராம், தோல் நீக்கிய இளம் இஞ்சி 25 கிராம், சோயா சாஸ் 120 மில்லி, ரைஸ் வினிகர் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், வறுத்த எள்ளுப் பொடி 1 டீஸ்பூன். வெங்காயத்தையும் இஞ்சியையும் மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி மூன்று நான்கு சுற்று, கொரகொரப்பாக. விழுதாக அரைத்தால் வெங்காயம் கசக்கும். அம்மியில் நசுக்கி எடுத்தால் இன்னும் நன்று. முற்றிய இஞ்சி என்றால் நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டிவிட்டு நசுக்குங்கள். மற்றவற்றைக் கலந்து அரை மணி நேரம் வைத்தால் தயார்.

கவனிக்க வேண்டியது சோயா சாஸ். மளிகைக் கடையில் கறுப்பாகக் கெட்டியாகக் கிடைக்கும் டார்க் சோயாவில் சர்க்கரையைக் கருக்கிய நிறம் சேர்த்திருப்பார்கள். இந்த சாஸ் அதில் தார் மாதிரி ஆகிவிடும். புட்டியின் பின்பக்கம் படித்து, சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் சேர்த்து இயற்கையாக நொதிக்க வைத்தது என்று இருப்பதை வாங்குங்கள். கிடைக்கவில்லையா, லைட் சோயா 80 மில்லியோடு தண்ணீர் 40 மில்லி. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த சாஸ் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்லில் போடுவதும் தொட்டுக்கொள்வதும்

தெப்பானுக்கு நம் கனத்த இரும்புத் தோசைக்கல்லைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது. ஆனால் தினம் தோசை வார்க்கும் கல்லைத் தொடாதீர்கள். சோயாவின் உப்பும் இனிப்பும் கல்லில் பிடித்துக்கொண்டால் மறுநாள் தோசை எழும்பாது, வீட்டில் சண்டைதான். பரணில் கிடக்கும் பழைய கல் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

தொண்டிக் கடற்கரையிலிருந்து வரும் நடுத்தர இறால் 200 கிராம், தோலும் குடலும் நீக்கி, ஈரம் ஒற்றி எடுத்தது. கல்லைத் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடும் அளவுக்குக் காயவைத்து, 2 டீஸ்பூன் எண்ணெய் விட்டு, இறாலை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். சோயா ஒரு டீஸ்பூன், வெண்ணெய் ஒரு டீஸ்பூன், எலுமிச்சை நாலு சொட்டு, உடனே இறக்கிவிடுங்கள். சாஸைக் கல்லில் ஊற்றவே கூடாது, சூடு பட்டதும் எண்ணெய் கக்கிவிடும். இறால் தட்டுக்கு வந்த பிறகு தொட்டுக்கொள்ளத்தான் அது.

பொரித்த சோற்றுக்கு முதல் நாள் வடித்து ஃபிரிட்ஜில் வைத்த சாதம் நல்லது. பர்மாவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்த கவுனி அரிசி ஒட்டும் ரகம், கல்லில் உதிராது. அதைக் கவுனி அரிசி இனிப்புக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கு வாழைப்பூ வடையும் மசாலா சீயமும் இந்த சாஸோடு அபாரமாகச் சேரும், மொறுமொறுப்புக்கும் மிளகாய்க்கும் இது நல்ல எதிர்ச்சுவை. காரக் குழிப்பணியாரமும் பரவாயில்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு வரமிளகாய்த் துவையல்தான், அங்கே இதை நுழைக்க வேண்டாம்.

வைப்பதும் கழுவுவதும்

வீட்டுப் பால் மயோனைஸில் செய்த சாஸ் 5 டிகிரிக்குக் கீழே 5 நாள், சுட்ட பூண்டு போட்டிருந்தால் 3 நாள். இஞ்சி சாஸ் ஒரு வாரம். வெளியே வைத்தால் 2 மணி நேரம், கத்திரி வெயிலில் ஒரே மணி நேரம். மேசையில் கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப ஜாடியில் ஊற்றாதீர்கள். மின்சாரம் போய் ஃபிரிட்ஜ் 4 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடலாம். ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும்.

பித்தளை, செம்புக் கிண்ணங்கள் பார்க்க அழகாக இருந்தாலும் ஈயம் பூசாதவற்றில் வினிகர் கலந்த எதையும் வைக்கக் கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வாங்கிய பூப்போட்ட எனாமல் கிண்ணங்களும் காட்சிக்குத்தான். அவற்றின் பழைய சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, விளிம்பும் பெயர்ந்திருக்கும். வீட்டில் ஆத்தங்குடித் தளம் என்றால் இன்னொரு எச்சரிக்கை: அது சிமெண்ட் தளம், வினிகரோ எலுமிச்சையோ சிந்தினால் பளபளப்பை அரித்து வெள்ளைத் திட்டு விழும். சிந்திய உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, சுத்தத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

மிக்ஸி ஜாரை முதலில் அரிசி மாவு ஒரு கரண்டி போட்டுத் துடைத்தால் எண்ணெய் முழுக்க வந்துவிடும், அப்புறம் சோப்புப் போடலாம். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். இஞ்சியும் வெங்காயமும் அதில்தான் ஒளிந்திருக்கும். விட்டுவிட்டால் மறுநாள் காலைத் தேங்காய்ச் சட்னியில் அந்த வாடைதான் முதலில் வரும்.